கண்ணும் காதும்: பழைய இசைத்தட்டுகளுக்குத் தரம் இடும் முறை

பழைய நாணயத்துக்கோ அஞ்சல்தலைக்கோ தரம் இடுபவர் தம் கண்ணையும் ஓர் உருப்பெருக்கியையும் நம்பினால் போதும். அப்பொருள்களின் மதிப்பு முழுவதும் புறத்தோற்றத்திலேயே அடங்கிவிடுகிறது. இசைத்தட்டு அத்தகைய பொருளன்று. அதன் உறையும் லேபிளும் மேற்பரப்பின் பளபளப்பும் கண்ணுக்குத் தெரிவனவே. ஆனால், எந்த இசைக்காக வாங்குபவர் பணம் கொடுக்கிறாரோ அந்த இசை, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட அகலமில்லாத தடத்தின் இரு சுவர்களில் நெளிவுகளாகப் பதிந்திருப்பதால், அது நல்ல நிலையில் இருக்கிறதா என்பது ஊசி ஓடும்போதுதான் தெரியவரும். ஓடும் ஊசியோ ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர்களைச் சிறிதளவேனும் தேய்த்துவிட்டுத்தான் போகிறது. ஆகவே இசைத்தட்டுக்குத் தரம் இடுவது, காதால் அறிய வேண்டியதைக் கண்ணால் ஊகித்துச் சொல்லும் முயற்சியாகவே தொடக்கம் முதல் இருந்துவந்திருக்கிறது. கடந்த ஐம்பது ஆண்டுகளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் உருவாகி உலகெங்கும் பரவிய அளவுகோல்களின் வலிமையும் குறையும் இந்த ஊகத்திலிருந்தே பிறக்கின்றன. நாணயத்தைப் போலவே இசைத்தட்டையும் பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து எண் கொடுத்து முத்திரையிடும் அண்மைக்கால வழக்கம் ஏன் பொருந்தாமல் போகிறது என்பதையும் இதைக்கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

ஒவ்வொரு பொருளும் தனக்கே உரிய வகையில் கெடுவதால், தரத்தைப் பற்றிப் பேசுமுன் தட்டு எதனால் ஆனது என்பதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை கோரிய கிராமபோன் முறையிலிருந்து வளர்ந்த வட்டத் தட்டுகள், 1890களின் பிற்பகுதி தொடங்கி மேலை நாடுகளில் 1950களின் இறுதிவரையிலும் இந்தியாவில் அதற்குப் பின்னரும் அரக்குக் கலவையால் செய்யப்பட்டன. அந்த அரக்கைப் பெருமளவில் உலகுக்கு வழங்கியவை சோட்டா நாகபுரிப் பகுதியின் காடுகள். அரக்குடன் கல்பொடியும் கரியும் பஞ்சிழையும் சேர்த்துப் பிசைந்து, சூடேற்றி அச்சில் அழுத்தினால் நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு கிடைக்கும். கல்பொடி கலந்ததற்கு ஒரு காரணம் உண்டு: எஃகு ஊசியின் முனை முதல் சில சுற்றுகளிலேயே அந்தப் பொடியில் உரசித் தேய்ந்து தடத்தின் வடிவத்துக்குப் பொருந்திக்கொள்ள வேண்டும். அப்படித் தேய்ந்த ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும் என்பது அக்கால விதி. மாற்றாமல் ஓட்டியவர்களின் தட்டுகளில் தடச்சுவர் சாம்பல் பூத்துக் கிடப்பதை இன்றும் காணலாம். அரக்குத் தட்டு கீழே விழுந்தால் உடையும். ஆல்கஹால் பட்டால் கரையும். வினைல் தட்டைக் கழுவப் பயன்படும் ஆல்கஹால் கலந்த நீர்மத்தை அறியாமல் 78 சுற்றுத் தட்டின்மேல் ஊற்றினால் அத்துடன் அந்தத் தட்டின் கதை முடிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அரக்கு வரத்தில் தட்டுப்பாடு ஏற்பட்டதால், அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியம் 1942 ஏப்ரலில் இசைத்தட்டுகளுக்கான அரக்குப் பயன்பாட்டை 70 விழுக்காடு குறைக்க ஆணையிட்டது. அதன் விளைவாகப் பழைய தட்டுகள் அரைத்து மறுபடியும் அச்சிடுவதற்காக வீடுவீடாகத் திரட்டப்பட்டன. இன்று ஒன்றிரண்டு படிகளே எஞ்சியிருக்கும் 1920களின் ப்ளூஸ் தட்டுகளில் பலவும் அப்படி அரைபட்டே அழிந்திருக்க வேண்டும்.

கொலம்பியா நிறுவனம் 1948 ஜூனில் வெளியிட்ட 33⅓ சுற்று நெடுந்தட்டும், அதற்குப் போட்டியாக ஆர்.சி.ஏ. விக்டர் 1949இல் கொண்டுவந்த 45 சுற்றுச் சிறுதட்டும் வினைல் எனப்படும் செயற்கைப் பிசினில் அமைந்தன. கல்பொடி இல்லாததால் இரைச்சல் வெகுவாகக் குறைந்தது; தடமும் நுண்ணியதாயிற்று. 1958 வாக்கில் பொதுச் சந்தைக்கு வந்த ஸ்டீரியோ தட்டில், 90 பாகைக் கோணத்தில் சரிந்திறங்கும் தடத்தின் உட்சுவர் இடப்பக்க ஒலியையும் வெளிச்சுவர் வலப்பக்க ஒலியையும் தாங்குகின்றன. நெடுந்தட்டு ஒரே வேகத்தில் சுழன்றாலும், விளிம்பில் வினாடிக்கு ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் தடம் ஊசியைக் கடக்க, லேபிளை ஒட்டிய உட்பகுதியில் 21 சென்டிமீட்டர் மட்டுமே கடக்கிறது. ஒரு வினாடி இசை பாதிக்கும் குறைவான இடத்தில் நெருக்கிப் பதியப்படுவதால் உட்பகுதியின் நெளிவுகள் கூர்மையானவை. தேய்மானம் முதலில் காதில் படுவதும் அங்கேதான். ஒரு தட்டின் உண்மை நிலையை அறிய முதல் பாட்டைவிடக் கடைசிப் பாட்டின் உரத்த முடிவைக் கேட்பதே சிறந்தது என்று அனுபவமுள்ள வணிகர்கள் சொல்வதற்கு இதுவே அடிப்படை.

பழைய தட்டுகளைத் தேடிச் சேர்ப்பது ஜாஸ் ஆர்வலர்களிடையே 1930களிலேயே வேரூன்றிவிட்ட போதிலும், முகம் பாராமல் அஞ்சல்வழி வாங்கி விற்கும் பெருஞ்சந்தை உருவானபோதுதான் பொதுவான தரச்சொற்கள் தவிர்க்க முடியாத தேவையாயின. அமெரிக்காவில் 1974இல் தொடங்கிய ‘கோல்ட்மைன்’ இதழின் விளம்பரப் பக்கங்களில் நாடு முழுவதிலுமிருந்து விற்பவர்கள் தம் பட்டியல்களை வெளியிட்டனர். அந்தப் பட்டியல்களில் ஒருவர் ‘நல்லது’ என்பதும் மற்றவர் ‘நல்லது’ என்பதும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து வளர்ந்ததே இன்று கோல்ட்மைன் அளவுகோல் என்று அறியப்படுவது. அதன் உச்சியில் ‘மின்ட்’ நிற்கிறது. எவ்வகையிலும் குறையற்ற, ஊசியே படாத தட்டைக் குறிக்கும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தவே பொறுப்புள்ள வணிகர்கள் தயங்குவார்கள். அதற்கு அடுத்த ‘நியர் மின்ட்’ என்பதே நடைமுறையில் மிக உயர்ந்த படி: தட்டில் தேய்மானத்தின் அடையாளம் கண்ணுக்குத் தெரியக்கூடாது, உறையில் மடிப்போ கிழிசலோ எழுத்தோ இருக்கக்கூடாது. ‘வெரி குட் பிளஸ்’ என்பது கவனமாகப் பேணிய ஒருவர் பலமுறை கேட்ட தட்டு. மெல்லிய கோடுகள் தெரிந்தாலும் அவை காதில் படாது. ‘வெரி குட்’ படியில் மெல்லிய ஒலிப்பகுதிகளிலும் பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் இரைச்சல் கேட்கும். சில கீறல்கள் நகத்தால் தடவினால் தட்டுப்படும். ‘குட்’ என்று குறிக்கப்பட்டது ஊசி தாவாமல் ஓடும், அவ்வளவுதான். அதற்குக் கீழே உள்ளவை விரிசலிட்டவை, வளைந்தவை, ஓடாதவை.

இந்தப் படிகளின் முழு எடையும் விலையில்தான் தெரிகிறது. கோல்ட்மைன் விலைக் கையேடுகளின் கணக்கில், நியர் மின்ட் தட்டின் விலை நூறு என்றால் வெரி குட் பிளஸ் ஐம்பது, வெரி குட் இருபத்தைந்து, குட் பத்திலிருந்து பதினைந்து, கடைசிப் படி ஐந்துக்கும் கீழே. படிக்குப் பாதியாக இறங்கும் இந்தச் சரிவால், ஒரு மெல்லிய கோடு கண்ணில் பட்டதா இல்லையா என்பதைப் பொறுத்து விற்பவரின் வருவாய் இரட்டிக்கவோ பாதியாகவோ செய்கிறது. தரத்தைத் தீர்மானிப்பவரும் அந்தத் தரத்தால் ஆதாயம் அடைபவரும் ஒருவரே என்பது இந்த அமைப்பின் அடிப்படைச் சிக்கல். பிரிட்டனில் 1980இல் தொடங்கிய ‘ரெக்கார்ட் கலெக்டர்’ இதழ் ஏழு படிகள் கொண்ட வேறோர் அளவுகோலை வகுத்தது. அதில் மின்ட்டுக்கு அடுத்து வருவது ‘எக்ஸலன்ட்’. அது அமெரிக்காவின் வெரி குட் பிளஸ்ஸுக்கு நெருங்கியது. இலண்டனில் வாங்குபவர் அமெரிக்கப் பட்டியலின் சொல்லைத் தம் நாட்டு அளவில் புரிந்துகொண்டு ஏமாந்ததும், அதற்கு மறுதலையாக நேர்ந்ததும் அக்காலத்தில் சாதாரணம். 2000இல் தொடங்கப்பட்ட டிஸ்காக்ஸ் தரவுத்தளம் பின்னர் சந்தையாகவும் விரிந்து கோல்ட்மைன் அளவுகோலையே ஏற்றுக்கொண்டதால் சொற்களின் குழப்பம் ஓரளவு குறைந்தது. பார்ப்பவர்களின் வேறுபாடு அப்படியே இருக்கிறது.

தரம் இடுவதற்குரிய பார்வை எளிதாகக் கைவருவதன்று. முதலில் தட்டைச் சுத்தம் செய்தாக வேண்டும், ஏனெனில் தூசு கோடுகளை மறைக்கவும் செய்யும், இல்லாத கோடுகளைக் காட்டவும் செய்யும். அறையின் குழல்விளக்கு ஒளியைப் பரவலாகச் சிதறவிடுவதால் நுண்கோடுகளை விழுங்கிவிடும். ஒற்றைக் குண்டு விளக்கின் கீழோ சாய்ந்த வெயிலிலோ, விளிம்பையும் லேபிளையும் மட்டும் பற்றித் தட்டை மெல்லச் சாய்த்துத் திருப்பினால்தான் அவை ஒவ்வொன்றாக ஒளிர்ந்து வெளிப்படும். உள்ளுறையின் முரட்டுத் தாளில் தட்டு உரசியதால் உண்டான தேய்ப்புகள் மேற்பரப்பில் மட்டும் இருப்பவை; பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பெரும்பாலும் ஒலியைத் தொடுவதில்லை. தடத்தைக் குறுக்காக வெட்டும் கீறல் அப்படியன்று. நெடுந்தட்டில் அது 1.8 வினாடிக்கு ஒருமுறை ‘டிக்’ என்று ஒலிக்கும். அந்த இடைவெளியைக் கேட்டதுமே, சத்தம் எங்கோ ஒட்டிக்கொண்ட தூசால் வருகிறதா, சுற்றுக்கு ஒருமுறை ஊசி கடந்துசெல்லும் கீறலால் வருகிறதா என்று பழகிய காது பிரித்துவிடும். லேபிளின் நடுத்துளையைச் சுற்றியும் பார்க்க வேண்டும். தட்டைச் சுழல்மேடையில் வைக்கும்போது துளையைத் தேடித் தடுமாறிய அச்சுமுனை அங்கே மெல்லிய வெண்கோடுகளை விட்டுச் சென்றிருக்கும். எத்தனை முறை இசைக்கப்பட்டது என்பதற்கு அவற்றைவிட நேர்மையான சாட்சி கிடையாது. மேற்பரப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட முடியும். அச்சுமுனைக் கோடுகளை யாரும் துடைத்துவிட முடியாது.

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் கண் தோற்கும் இடங்கள் உள்ளன. அவற்றுள் முதன்மையானது ஸ்டைரீன். 1950களிலிருந்து அமெரிக்காவின் சில ஆலைகள் 45 சுற்றுத் தட்டுகளை வினைலில் அழுத்தாமல், உருக்கிய பாலிஸ்டைரீனை அச்சுக்குள் செலுத்தி வார்த்தன. செலவு குறைந்த இந்த முறையில் உருவான தட்டு விறைப்பானது, பளபளப்பானது, பார்வைக்குப் புதிதுபோலவே இருப்பது. ஆனால் தேய்ந்த ஊசியோ கனமான ஊசிக்கையோ சிலமுறை ஓடினாலே அதன் தடச்சுவர் சிதைந்து, உரத்த இடங்களிலெல்லாம் சீறலும் கரகரப்பும் எழும். கண்ணை மட்டும் நம்பி நியர் மின்ட் என்று குறிக்கப்பட்டு, வாங்கியவர் வீட்டில் கேட்கச் சகியாமல் திருப்பி அனுப்பப்பட்ட அமெரிக்க சோல் சிறுதட்டுகளில் இந்த வகையே மிகுதி. வினைலிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு: ஒற்றைத்தட ஊசியால் ஸ்டீரியோ தட்டை ஓட்டினால், மேலும் கீழுமாக அசைய வேண்டிய ஊசி விறைத்து நின்று சுவர்களை உழுதுவிடும், கீறல் ஒன்றுமில்லாத கருமையான மேற்பரப்புக்கு அடியில் இசை சிதைந்திருக்கும். பி.வி.சி. உறையில் நெடுங்காலம் கிடந்த தட்டின்மேல் அந்த உறையிலிருந்து கசியும் மென்மையூட்டி படிந்து, எந்தக் கழுவலுக்கும் அகலாத மங்கலாக நிலைத்துவிடுகிறது. சில குறைகள் பிறவிக் குறைகள்: அச்சில் அழுத்தும்போது பிசின் தடத்தை முழுதும் நிரப்பாமல் விட்டால் ஒரு பக்க ஒலியில் கிழிசல் ஓசை கேட்கும், நடுத்துளை சற்றே விலகி அமைந்தால் நீண்ட சுரங்கள் அலைபாயும். இசைத்தபோது கெட்டதற்கும் பிறப்பிலேயே கெட்டிருந்ததற்கும் தர அளவுகோல் தனித்தனிப் பெயர் வைக்கவில்லை. ஊசி படாத ‘மின்ட்’ தட்டு கேட்கத் தகுதியற்றதாக இருக்கக்கூடும் என்ற முரண் அதனால்தான் எழுகிறது.

நிலையைப் போலவே அடையாளமும் தரம் இடுபவரின் பொறுப்பு. ஒரே இசை, ஒரே உறை, ஒரே பட்டியல் எண் என்றாலும் முதல் அச்சுக்கும் பத்தாண்டு கழித்து வந்த அச்சுக்கும் விலை வேறுபாடு பல மடங்காக இருக்கும். அந்த வேறுபாட்டைக் காட்டும் சாட்சியங்கள், தடம் முடிந்து லேபிள் தொடங்குமுன் உள்ள வெற்றுவளையத்தில் கிடக்கின்றன. இசை முதலில் மெழுகுப்பூச்சுப் போன்ற மென்பரப்புக் கொண்ட அலுமினியத் தட்டில் வெட்டப்பட்டு, அதன்மேல் வெள்ளியும் நிக்கலும் படியவைக்கப்பட்டு எதிர்ப்படிவம் எடுக்கப்படுகிறது. அதிலிருந்து ‘தாய்’ எனப்படும் நேர்ப்படிவமும், தாயிலிருந்து தட்டை அழுத்தும் ‘ஸ்டாம்பர்’ அச்சுகளும் பிறக்கின்றன. ஒவ்வொரு அச்சும் குறிப்பிட்ட அளவு தட்டுகளை அழுத்தியதும் தேய்ந்துவிடும் என்பதால், தொடக்க அச்சுகளில் உருவானவற்றில் நுட்பம் கூடுதல் என்று சேகரிப்பாளர்கள் கருதுகிறார்கள். பிரிட்டனின் இ.எம்.ஐ. ஆலையில் இந்த வம்சாவளி முழுவதையும் தட்டிலேயே எழுதிவைத்தார்கள். லேபிளின் கீழே, வெட்டப்பட்ட பக்கத்தை அடையாளம் காட்டும் மேட்ரிக்ஸ் எண் இருக்கும்படி தட்டைப் பிடித்தால், கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் திசையில் தாயின் எண்ணும், மூன்று மணி இருக்கும் திசையில் ஸ்டாம்பரைக் குறிக்கும் எழுத்துகளும் பொறிக்கப்பட்டிருக்கும். கிராமபோன் லிமிடெட் என்ற ஆங்கிலப் பெயரிலிருந்து பத்து எழுத்துகளைத் தேர்ந்து, ஜி 1, ஆர் 2, ஏ 3, எம் 4, ஓ 5 என்று தொடங்கி இறுதி எழுத்துக்குப் பூச்சியம் வரை மதிப்புக் கொடுத்திருந்தார்கள். ‘1’ என்ற எண்ணும் ‘ஜி’ என்ற எழுத்தும் ஒருங்கே கொண்ட தட்டு முதல் தாயின் முதல் அச்சில் பிறந்தது. ‘ஆர்எம்’ என்றிருந்தால் அது 24ஆவது அச்சு. ஆலைத் தொழிலாளர்கள் தம் கணக்குக்காக இட்ட இந்தச் சிறு குறிகள்தாம், பீட்டில்ஸ் குழுவின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ 1963 மார்ச்சில் வெளிவந்தபோது கறுப்பும் பொன்னிறமும் கொண்ட பார்லஃபோன் லேபிளுடன் அச்சான முதல் படிகளை வரிசைப்படுத்த இன்று உதவுகின்றன.

அமெரிக்க ஜாஸ் தட்டுகளில் ப்ளூ நோட் நிறுவனத்தினவற்றை அடையாளம் காண்பது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. 1966இல் லிபர்ட்டி நிறுவனத்துக்குக் கைமாறும்வரை பிளாஸ்டிலைட் ஆலையில் அழுத்தப்பட்ட அதன் தட்டுகளில், கையெழுத்துப் பாணியில் அமைந்த ‘பி’ என்ற எழுத்து வெற்றுவளையத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். மனிதக் காதின் வடிவத்தை ஒத்திருப்பதால் அதைக் ‘காது’ என்றே அழைக்கிறார்கள். அதனருகே ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் பெயரோ முதலெழுத்துகளோ இருக்க வேண்டும். லேபிளில் அச்சான முகவரியும் காலம் காட்டும்: முதலில் லெக்ஸிங்டன் அவென்யூ, பின்னர் மேற்கு 63ஆம் தெரு, பிறகு நியூயார்க் என்று மட்டும். சாக்சபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 1568 என்ற எண் கொண்ட தட்டில், ஒரு பக்க லேபிளின் முகவரியில் ‘நியூயார்க் 23’ என்று இருக்கிறதா என்பதைக் கொண்டு அசல் முதல் அச்சைத் தீர்மானிப்பவர்கள் உண்டு. வெளியாருக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒரு ஒலிப்பதிவு எந்த ஆண்டில், எந்த ஆலையில், யார் கையால் தட்டாக உருவெடுத்தது என்பதற்கு நிறுவனங்கள் பாதுகாக்கத் தவறிய ஆவணங்களை, சேகரிப்பாளர்கள் தட்டுகளிலிருந்தே மீட்டெடுத்திருக்கிறார்கள் என்பதை மறுக்க இயலாது. ஒலி வேறுபாடும் கற்பனையன்று: லெட் ஜெப்லின் குழுவின் இரண்டாம் ஆல்பத்தை 1969இல் முதலில் வெட்டிய ராபர்ட் லட்விக், தம் ‘ஆர்எல்’ முத்திரையுடன் மிக உரத்த ஒலியில் வெட்டினார். மலிவான இயந்திரங்களில் ஊசி தாவுகிறது என்ற புகாரால் அது கைவிடப்பட்டு ஒலி தணித்த வேறு வெட்டு வந்தது. அந்த முதல் வெட்டின் விலை இன்று மற்றவற்றைவிடப் பல மடங்கு.

போலிகளும் இந்த நுண்குறிகளால்தான் பிடிபடுகின்றன. வீ-ஜே நிறுவனம் 1964 ஜனவரியில் வெளியிட்ட ‘இன்ட்ரடியூசிங் தி பீட்டில்ஸ்’ அமெரிக்காவில் மிக அதிகமாகப் போலி அச்சிடப்பட்ட தட்டுகளுள் ஒன்று. அசல் லேபிளில் ஆல்பத்தின் பெயரும் குழுவின் பெயரும் நடுத்துளைக்கு மேலேயே இருக்க, பல போலிகளில் துளை அவ்விரண்டையும் பிரித்து நிற்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல், பிரிக்கப்படாத உறையையோ பளபளக்கும் தட்டையோ மட்டும் பார்த்து உயர்தரம் என்று எழுதுவதில் பொருளில்லை.

உறைக்குத் தனித் தரம் இடுவது இப்போது எங்கும் வழக்கம். உள்ளிருக்கும் தட்டின் விளிம்பு அட்டையில் பதிந்து வட்டமாக மை தேய்ந்திருப்பது, ஓரம் பிளந்திருப்பது, விற்காத சரக்கைத் தள்ளுபடியில் கழிக்க நிறுவனமே மூலையை வெட்டியோ துளையிட்டோ அனுப்பியிருப்பது ஆகியவை உறையின் தரத்தைக் குறைக்கும். உறையே தட்டைவிட அரியதாகும் நிகழ்வுகளும் உண்டு. கேபிடல் நிறுவனம் 1966 ஜூனில் அச்சிட்ட பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே அண்ட் டுடே’ ஆல்பத்தின் உறையில், வெள்ளை அங்கியணிந்த நால்வரும் இறைச்சித் துண்டுகளுக்கும் பொம்மை உறுப்புகளுக்கும் நடுவே அமர்ந்திருந்தார்கள். எதிர்ப்பு எழவே நிறுவனம் அவற்றைத் திரும்பப் பெற்று, பலவற்றின்மேல் வேறு படத்தை ஒட்டி மறுபடி கடைகளுக்கு அனுப்பியது. ஒட்டப்படாதவை முதல் நிலை, ஒட்டப்பட்டு உரிக்கப்படாதவை இரண்டாம் நிலை, உரித்தெடுக்கப்பட்டவை மூன்றாம் நிலை என்று சேகரிப்பாளர்கள் அவற்றை வகைப்படுத்தினர். கேபிடலின் தலைவராக இருந்த ஆலன் லிவிங்ஸ்டன் தம் வீட்டில் வைத்திருந்த பிரிக்கப்படாத முதல் நிலைப் படிகளை அவருடைய மகன் 1986இல் வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் ஒரு ஸ்டீரியோ படி 2016இல் 1,25,000 டாலருக்கு ஏலம் போனது. இதற்கு நேர்மாறான எல்லையில், டாமி ஜான்சன் பாரமவுன்ட் நிறுவனத்துக்காகப் பாடிய ‘ஆல்கஹால் அண்ட் ஜேக் ப்ளூஸ்’ 78 சுற்றுத் தட்டு இருக்கிறது. மலிவான கலவையில் இரைச்சலோடு அச்சான அதன் ஒரு படிக்கு 2013இல் 37,100 டாலர் கொடுக்கப்பட்டது. அறியப்பட்ட படிகள் இரண்டே என்னும்போது தர அளவுகோலுக்கு அங்கே வேலை இல்லை.

விற்பவரே தரம் இடும் முறையின் குறையைப் போக்க மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் வந்தன. நாணயங்களுக்கு 1980களின் நடுவிலும், விளையாட்டு அட்டைகளுக்கு 1991இலும், காமிக்ஸ் இதழ்களுக்கு 2000இலும் வேரூன்றிய இந்த முறையில், பொருள் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டு, ஆராயப்பட்டு, எண் வடிவில் மதிப்பெண் பெற்று, திறக்க முடியாத பிளாஸ்டிக் பேழையில் அடைக்கப்பட்டுத் திரும்புகிறது. அண்மைக்காலத்தில் இசைத்தட்டுகளும், குறிப்பாக ஆலை உறை பிரிக்கப்படாதவை, இவ்வாறே பேழைக்குள் போகின்றன. மறுபடி சுற்றி ஒட்டப்பட்ட போலி நெகிழியுறைகளைக் கண்டறிய பழக்கமான கண்கள் தேவை என்ற அளவில் இதற்கு நியாயம் உண்டு. அக்கால நெகிழித்தாளின் மடிப்பும் காற்றுத் துளைகளும் விலை ஒட்டிகளும் பொய் சொல்வது அரிது. எனினும் பிரிக்கப்படாத உறைக்குள் இருக்கும் தட்டு வளைந்திருக்கிறதா, நடுத்துளை விலகியிருக்கிறதா, லேபிள் சொல்லும் தட்டுதானா என்பதை அந்த நிறுவனமும் அறியாது. அது தரம் இடுவது அட்டைக்கும் நெகிழித்தாளுக்கும் மட்டுமே. காமிக்ஸ் இதழைப் பேழையில் அடைத்தாலும் அட்டைப்படத்தையாவது காணலாம்; ஆண்டுக்கணக்கில் இறுக்கமான நெகிழித்தாளுக்குள் அடைபட்ட தட்டோ அந்தத் தாளின் இழுப்பாலேயே வளைந்துபோகக்கூடியது. ஒருவர் உழைத்துப் பாடி, ஒருவர் பதிந்து, ஒருவர் வெட்டிய ஒலியைக் கேட்க முடியாதபடி செய்வதை மதிப்பேற்றம் என்று ஏற்பது கடினம். எண்ணைவிட விவரணையே வாங்குபவருக்குப் பயன்படும். ‘இரண்டாம் பக்கம் மூன்றாம் பாட்டின் தொடக்கத்தில் ஏழெட்டுச் சுற்றுகளுக்கு மெல்லிய டிக் ஒலி, இசை எழுந்ததும் மறைகிறது, உறையின் கீழோரம் இரண்டு அங்குலம் பிளவு’ என்று ஊசி வைத்துக் கேட்டு எழுதிய இரண்டு வரிகள், எந்தப் பேழையின் மதிப்பெண்ணையும்விட அந்தத் தட்டைப் பற்றிக் கூடுதலாகச் சொல்லிவிடுகின்றன.

தமிழ் இசைத்தட்டுகளும் இதே சொற்களால் இன்று விலை பேசப்படுகின்றன. ஆனால் அவை வாழ்ந்த வாழ்க்கை இந்த அளவுகோல் கருதும் வாழ்க்கையன்று. கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆலையில் கிராமபோன் கம்பெனி அழுத்திய தட்டுகளும், சென்னையில் ஏ.வி. மெய்யப்பனின் சரஸ்வதி ஸ்டோர்ஸ் வழியாக வந்த ஓடியன் தட்டுகளும் வீட்டு அலமாரிகளில் மட்டும் இருக்கவில்லை. கல்யாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் கூம்பு ஒலிபெருக்கியோடு இணைந்த இயந்திரங்களில், கனமான ஊசிக்கையின் கீழ், ஒரே பாட்டுத் தட்டு ஓர் இரவில் பலமுறை சுழன்றது. ஈரக்காற்றில் உறைகளில் பூஞ்சை பிடித்தது; 78 சுற்றுத் தட்டுகள் பெரும்பாலும் படமற்ற தாளுறையோடு வந்ததால், உறையைத் தனியாகத் தரம் பார்க்கும் வழக்கத்துக்கு அங்கே இடமே இல்லை. பழைய தட்டுகள் கைமாறும் இடமாக இருந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபோது அவற்றில் எத்தனையோ சாம்பலாயின. இப்படி எஞ்சிய தட்டுகளில் நியர் மின்ட் தேடுவது பயனற்றது. ‘குட்’ என்ற படியே பல தட்டுகளுக்கு உச்சம். லேபிளில் மையால் எழுதிய பெயரும், ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் நிலையத்தின் ரப்பர் முத்திரையும் கோல்ட்மைன் கணக்கில் குறைகள். தமிழ்த் தட்டைப் பொறுத்தவரை அவையே அந்தப் பாட்டு எந்த ஊரில், யார் கையில் ஒலித்தது என்பதற்கு எஞ்சிய ஒரே பதிவு. அவற்றை அழித்துச் சுத்தமாக்கி விற்பவர் வரலாற்றின் ஒரு துண்டைத் துடைத்து எறிகிறார். மும்பையில் 1990இல் தொடங்கிய இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் தட்டின் நிலையைவிட அதன் மேட்ரிக்ஸ் எண்ணுக்கும் பாடியவர் விவரத்துக்கும் முதன்மை தந்து பட்டியலிட்டது இங்குள்ள நிலைமைக்குப் பொருத்தமான அணுகுமுறை.

காதின் வேலையைக் கண்ணே செய்யக்கூடிய ஒரு வழி ஆய்வுக்கூடத்தில் பிறந்திருக்கிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் துகள் இயற்பியலாளர்களான கார்ல் ஹேபரும் விடாலி ஃபடேயேவும், துகள்களின் பாதையை அளக்கும் நுட்பத்தைத் தட்டின் தடத்துக்குப் பயன்படுத்தி, ஊசியே தொடாமல் தடத்தை நுண்படமாக எடுத்து அதிலிருந்து ஒலியைக் கணக்கிட்டு மீட்கும் முறையை 2000களின் தொடக்கத்தில் உருவாக்கினார்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தன் சேகரத்துக்குப் பயன்படுத்துகிறது. உடைந்த அரக்குத் தட்டின் துண்டுகளை ஒட்டாமலேயே அடுக்கிப் படமெடுத்துப் பாட்டைக் கேட்க முடிகிறது. பாரிசில் 1860இல் எதுவார்-லியோன் ஸ்கோட் புகைக்கரித் தாளில் வரைந்த குரலின் கோடுகளும் 2008இல் அந்த ஆய்வகத்தின் உதவியோடு ஒலியாயின. இத்தகைய படத்தில் தடச்சுவரின் தேய்மானத்தை மைக்ரான் கணக்கில் அளந்துவிடலாம் என்பதால், இசைக்காமலேயே இசையின் நிலையைச் சொல்லும் உண்மையான தரநிர்ணயம் கொள்கையளவில் சாத்தியமாகியிருக்கிறது. ஒரு தட்டைப் படமெடுக்க ஆகும் நேரமும் கருவியின் விலையும் காரணமாக அது இன்று ஆவணக் காப்பகங்களில் மட்டுமே நடக்கிறது. சந்தையில் விற்கப்படும் தட்டுக்கு இன்றும் ஒரு குண்டு விளக்கும், நல்ல ஊசியும், கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து கேட்கும் பொறுமையுமே தேவைப்படுகின்றன.